மலையும் ஆறும் இல்லாத ஊரில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

கண்டியில் வசிக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். கணவரின் ஊர் கொக்குவில். ஆகஸ்ட் விடுமுறையில் நான்கு நாளும், முடிந்தால் டிசம்பரில் சில நாளும் குடும்பமாக யாழ்ப்பாணத்தில் நிற்கப்போகிறார்கள். 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். முழங்கால் வருத்தத்தோடு மாமியார். நல்லூர், கோட்டை, நூலகம், கசூரினா, நயினாதீவு எல்லாம் போன தடவையே பார்த்து முடிந்துவிட்டன. "மலையுமில்லை, ஆறுமில்லை, இனி அங்கே என்ன இருக்கிறது?" என்று மூத்த பிள்ளை கேட்கிறதாம். நான் நெடுங்காலம் புவியியல் படிப்பித்தவன். மாணவர்களை ஏற்றிக்கொண்டு குடாநாடு முழுவதும் பல தடவை சுற்றியவன். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளையின் கேள்வி சரியான கேள்வி. குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. பெய்கிற மழை ஓடாது. கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கிவிடும். ஆறு என்று பெயருக்கு இருப்பது வழுக்கை ஆறு ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடல்நீரேரியைச் சேரும் அது மாரியில் மட்டும் ஓடும், ஆகஸ்டில் அதைக் காட்டப்போனால் புல் மேயும் மாடுகளைத்தான் காட்டலாம். ஆகவே இங்கே பார்க்கவேண்டியவை நிலத்துக்குக் கீழே இருக்கும் நீர், கடல்நீரேரியின் ஓரங்கள், காற்று கட்டிய மணல், வெளி, தரவை என்னும் தாழ்ந்த புல்நிலம் ஆகியவை. இவை யாவும் படுத்துக் கிடக்கும் காட்சிகள். கண்டியில் மலை எந்நேரமும் நிமிர்ந்து நிற்கும், எப்போது பார்த்தாலும் மலைதான். இங்கே உச்சி வெயிலில் போனால் வெளி வெறும் வெள்ளைப் பளபளப்பாகத் தெரியும், காலை 6 மணிக்கோ மாலை 5 மணிக்கோ போனால் அதே இடம் வேறோர் இடம். நான் முதலில் சொல்லும் ஒழுங்கு இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு திசை, விடியமுன் புறப்பட்டு மத்தியானத்துக்குள் நிழலுக்கு வந்துவிடுவது, அல்லது மத்தியானச் சாப்பாடு முடித்து வெளிக்கிட்டுப் பொழுதுபடத் திரும்புவது.

அடுத்தது காற்று. வைகாசி தொடக்கம் ஏறக்குறைய புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கில் இருந்து அடிக்கும். மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து வரும். இதை அறியாமல் கடலுக்குப் போகிறவர்கள் ஆகஸ்டில் வேலணைச் சாட்டிக் கடற்கரைக்குப் போய் அலை கலங்கியிருக்கிறதென்று முறைப்படுவார்கள், டிசம்பரில் வடகரைக்குப் போய்க் கடல் கொந்தளிக்கிறதென்று முறைப்படுவார்கள். சோளக காலத்தில் வடக்கு நோக்கிய கரைகள் காற்றுக்கு மறைவாக அமைதியாக இருக்கும். ஆகையால் ஆகஸ்டில் பிள்ளைகளைக் குளிக்க விடுவதென்றால் வடகரைதான். ஏற்கெனவே பார்த்தது என்றாலும் கசூரினாவின் ஆழமற்ற நீர் அந்த மாதத்தில் நல்லது. அதே காரணத்தால் நெடுந்தீவுப் பயணத்தை ஆகஸ்டுக்கு நான் சொல்லமாட்டேன். குறிகட்டுவானில் இருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சோளகத்தில் அந்த ஒரு மணித்தியாலம் முழங்கால் வருத்தக்காரருக்கும் 7 வயதுப் பிள்ளைக்கும் நீண்ட நேரம். மாசி, பங்குனியில் வந்தால் போகலாம். ஊர்காவற்றுறையில் இருந்து போகும் அனலைதீவு, எழுவைதீவுப் படகுகளுக்கும் இதுவே பதில்.

முதல் நாளுக்கு நிலாவரை. புத்தூருக்கு அருகே நவக்கிரியில் இருக்கும் இந்தக் கிணற்றை 'அடியில்லாக் கிணறு' என்று சொல்லிப் பலர் 5 நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எட்டிப் பார்த்தால் பச்சை நீர் நிரம்பிய ஒரு பெரிய குழிதான். விளங்கிக்கொண்டு பார்த்தால் குடாநாட்டின் முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது. சுண்ணக்கல் நீரில் மெல்ல மெல்லக் கரைந்து, உள்ளே பொந்து விழுந்து, மேற்கூரை இடிந்ததால் ஏற்பட்ட பள்ளம் அது. மேலே நன்னீர், கீழே போகப் போக உவர். இறைத்தாலும் வற்றுவதில்லை என்று ஊர் வியப்பதற்குக் காரணம், பக்கத்துக் கல் முழுவதிலும் உள்ள பொந்துகளோடு அது தொடுப்பாக இருப்பதுதான்.

மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, கடலில் இருந்து ஊறிவந்த உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. உப்புநீர் கனம் கூடியது, நன்னீர் கனம் குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் தாங்கப்படும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. இதை மறுபக்கமாகப் பார்த்தால் பயம் வரும்: அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டம் 1 அடி இறங்கினால், கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் 'நல்ல தண்ணீர்க் கிணறு', 'சவர்க் கிணறு' என்று பிரித்துப் பேசுவது இதனால்தான். புறப்படுவதற்கு முதல்நாள் வீட்டிலேயே ஒரு கண்ணாடிக் குவளையில் உப்பைக் கரைத்து, நிறம் கொஞ்சம் சேர்த்து, அதன்மேல் கரண்டியின் முதுகு வழியாகச் சாதாரணத் தண்ணீரை மெல்ல வார்த்துக் காட்டுங்கள். இரண்டும் கலவாமல் அடுக்காக நிற்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு நிலாவரை வெறும் குழியாகத் தெரியாது.

இராமர் அம்பு எய்து தண்ணீர் எடுத்த கதையையும், நிலாவரையில் எலுமிச்சம்பழம் போட்டால் வடகரையில் உள்ள கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்ற கதையையும் மாமியார் சொல்லட்டும். அவற்றைச் சொல்ல என்னைவிட அவருக்குத்தான் தகுதி. ஆனால் பழத்தைப் போட்டுப் பரிசோதிக்க வேண்டாம். எத்தனையோ பிள்ளைகள் என் கண்முன்னே போட்டிருக்கிறார்கள். பழம் அங்கேயே அழுகியதுதான் மிச்சம்.

நிலாவரையைச் சுற்றியுள்ள செம்மண் தோட்டங்களை விட்டுவிடாதீர்கள். புத்தூர், நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய் என்று நீளும் இந்த மண் பட்டை மண்வெட்டியால் கொத்திக் கொத்திச் சலித்த மாவைப்போல இருக்கும். காலை வேளையில் வாய்க்கால் கட்டி வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மரவள்ளிக்கும் இறைப்பார்கள். நீர்வேலிப் பக்கம் வாழைதான் அதிகம். துலா மிதித்து இறைத்த காலம் போய் இப்போது எல்லா இடமும் மோட்டர்தான் என்றாலும், நீர் பாத்தி பாத்தியாகத் திரும்புவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சலிக்காது. வரம்பில் நின்று கேட்டால் தோட்டக்காரர் மறுப்பதில்லை. கேளாமல் இறங்கினால் ஏசுவார், அது நியாயம்.

வெயில் ஏறமுன் நேரம் மிஞ்சினால் ஊரெழுவில் பொக்கணை என்னும் நீர்ப்பள்ளத்தையும் பார்க்கலாம்; அதுவும் நிலாவரையின் உறவுக்காரர்தான். சுன்னாகத்துக்கு அருகே கந்தரோடையில் முருகைக்கல்லில் கட்டிய சிறு தூபிகள் பனைகளுக்கு நடுவே கூட்டமாக நிற்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்று ஆய்வாளர் போல் பீரிஸ் அவற்றை வெளிப்படுத்தினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அதே ஊரில் அகழ்ந்தபோது கிறிஸ்துவுக்கு முற்பட்ட பெருங்கற்காலக் குடியிருப்பின் தடங்கள் கிடைத்தன. அரை மணித்தியாலம் போதும். யாருடையது என்ற வாக்குவாதத்தை வளர்ந்தவர்களுக்கு விட்டுவிட்டு, ஒரே வளவில் இத்தனை தலைமுறை மனிதர் இருந்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதுமானது. ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடப்பதால் கோயிலைச் சுற்றிய வீதிகள் அடைபட்டிருக்கும். கொக்குவிலில் இருந்து கிழக்கே போகும்போது அதைக் கணக்கில் வைத்துப் புறப்படுங்கள்.

இரண்டாம் நாள் குடாநாட்டின் வடகிழக்கே உள்ள வடமராட்சி. என் மனதுக்கு மிகவும் நெருங்கிய வழி இது; நான்கு நாளில் ஒன்றைத்தான் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காலை ஐந்தரைக்கு வான் புறப்பட வேண்டும். வல்லை வெளியைக் கடக்கும்போது பொழுது விடிந்துகொண்டிருக்கும். வீடு இல்லை, வேலி இல்லை, மரமும் அரிது. இரண்டு பக்கமும் தரவையும் நீருமாக வீதி மட்டும் ஓடும். யன்னலைத் திறந்துவிட்டால் காற்றே கதை சொல்லும். அங்கே நிற்காமல் நெல்லியடி, மந்திகை கடந்து வல்லிபுரம் வழியாக நேரே மணற்காட்டுக்குப் போய்விடுங்கள்.

மணற்காடு என்ற பெயர் மிகையல்ல. கடற்காற்று கொண்டுவந்து குவித்த மணல் மேடுகள், அவற்றைப் பிடித்து நிறுத்த நட்ட சவுக்கு மரங்கள், மணலுக்குள் பாதி புதைந்து கூரையின்றி நிற்கும் பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள். யன்னல் இருந்த இடம் இப்போது காலடி மட்டத்தில் இருப்பதைக் கண்டதும் பிள்ளைகள் தாமாகவே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்: மணல் வந்ததா, கட்டடம் இறங்கியதா? மணல்தான் வந்தது. காற்றின் பக்கம் சரிவு மெதுவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருப்பதையும், காற்று ஏறும் பக்கத்து மணலை உருட்டி உச்சிக்குக் கொண்டுபோய் மறுபக்கம் கொட்டிக்கொண்டிருப்பதையும் கையில் மணலை எடுத்துத் தூவியே காட்டலாம். அடம்பன் கொடி மேட்டின் மேல் வலையைப் போலப் படர்ந்து மணலைக் கட்டி வைத்திருக்கும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழியைப் புத்தகத்தில் படித்த பிள்ளை அந்தக் கொடியை அங்கே தொட்டுப் பார்க்கலாம். முன்பு இருந்த மேடுகளில் பல, கட்டட வேலைக்கென்று அள்ளப்பட்டுத் தாழ்ந்துவிட்டன. இருப்பவை இருக்கும்போதே பார்ப்பது நல்லது.

இங்கே என் பிழையையும் சொல்லவேண்டும். ஒரு வருடம் மாணவர்களை முதலில் பருத்தித்துறைக்கும் பிறகு மணற்காட்டுக்குமாக ஒழுங்கு செய்து, 11 மணிக்குக் கொண்டுபோய் இறக்கினேன். மணல் அடுப்பில் வைத்த சட்டியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிய மூன்று பேரைச் சவுக்கு நிழலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒருத்திக்கு உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. ஆகையால் காலை 7 மணிக்கு அங்கே நில்லுங்கள், எட்டரைக்கு வெளிக்கிட்டுவிடுங்கள். கடலில் இறங்க வேண்டாம்: கிழக்கு நோக்கிய திறந்த கடல், கரை சட்டென்று ஆழும். 2004 சுனாமி இந்தக் கரையை அடித்துப்போனதை ஊரவர் இன்னும் சொல்வார்கள். மலகூட வசதியை அங்கே எதிர்பார்க்க முடியாது. தண்ணீர்ப் போத்தல்களை வீட்டில் இருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள். மாமியார் வானைவிட்டு இறங்காமலே சவுக்குத் தோப்பையும் மேட்டின் ஒரு பக்கத்தையும் பார்க்கலாம். மணலில் நடக்க அவரை வற்புறுத்தாதீர்கள்.

திரும்பும் வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயில். மூலவராகச் சக்கரமே வழிபடப்படும் இந்தக் கோயிலும் மணலுக்கு நடுவில்தான் இருக்கிறது. 1936இல் இந்த வல்லிபுரத்தில் ஒரு பொற்சாசனம் கண்டெடுக்கப்பட்டது. அனுராதபுரத்தில் இருந்து ஆண்ட வசப மன்னனின் காலத்தைச் சேர்ந்த அதில் நாகதீவு என்ற பெயர் காணப்படுகிறது. ஏறத்தாழ 1,900 வருடத்துக்கு முந்திய ஓர் ஊர்ப்பெயர், பொன்னில் எழுதி மணலுக்குள் கிடந்தது என்று சொல்லிப் பாருங்கள். 11 வயதுப் பிள்ளை அன்று முழுவதும் மணலைக் கிளறிக்கொண்டுதான் நடக்கும்.

பருத்தித்துறையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று தெருமூடி மடம். வழிப்போக்கர் தங்கும் மடங்கள் தெருவோரத்தில் இருப்பதுதான் வழமை. இது தெருவின் இரண்டு பக்கமும் திண்ணையும் தூணுமாக, தெருவுக்கு மேலேயே கூரை போட்டு நிற்கிறது. வீதி மடத்துக்குள்ளால் போகிறது. கல் தூண்களில் சாய்ந்து ஒரு பத்து நிமிடம் இருந்து பாருங்கள். வெயிலில் இருந்து உள்ளே வந்ததும் உடம்புக்குத் தெரியும் குளிர்ச்சிதான் அந்தக் கட்டடத்தின் விளக்கம். சுமை தலையில் இருந்த காலத்துக்கு உரிய வேறு அடையாளங்களையும் வழியெங்கும் பார்க்கச் சொல்லுங்கள்: ஆளின் தோளளவு உயரத்தில் நிற்கும் சுமைதாங்கி, மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக்கல், மடத்துக்குப் பக்கத்தில் கேணி. 7 வயதுப் பிள்ளை இவற்றை எண்ணிக்கொண்டு வரட்டும். வானுக்குள் சண்டை குறையும்.

சக்கோட்டை முனையில் இலங்கையின் வட எல்லையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பருத்தித்துறைத் தட்டை வடையை மறக்கவேண்டாம். உழுந்து, மா, பெருஞ்சீரகம், மிளகாய் சேர்த்துத் தட்டி மொறுமொறுவென்று பொரித்தது, பல நாள் கெடாது, கண்டிக்கும் கொண்டுபோகலாம். பிறகு கடற்கரை வீதியால் வல்வெட்டித்துறை. இந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. இயந்திரம் இல்லாத, மரத்தாலான கப்பல்! அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு சொல்லவேண்டிய செய்தி இது. தைப்பொங்கலன்று இதே கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவுக்கு ஒரு வருடமாவது பிள்ளைகளைக் கொண்டுவாருங்கள். கப்பலும் பாம்பும் பறவையுமாகக் கட்டிய பட்டங்கள் வாடைக்காற்றில் ஏறுவதைப் பார்க்கவேண்டும்.

தொண்டைமானாற்றுக்கு வந்ததும் மூத்த பிள்ளையின் கேள்விக்கு நேர்ப்பதில் இருக்கிறது. பெயர் ஆறு, உண்மையில் அது கடல்நீரேரியின் ஒரு கை. அதன் வாயில் கதவுகளோடு ஓர் அணை இருக்கிறது. அந்த அணை ஏன் என்று கேட்டால், யாழ்ப்பாணத்துக்கு ஆறு ஒன்றை உண்டாக்குவதற்கு! 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் வகுத்த திட்டம் அது. குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியில் இருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்குவது. அங்கிருந்து முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணை கட்டிக் கடலைத் தடுப்பது. இப்படிச் செய்தால் சில வருடங்களில் உப்பு கழுவுப்பட்டு ஏரிகள் நன்னீராகும், சுற்றியுள்ள கிணறுகளும் இனிக்கும். அணைகள் எழுந்தன, முள்ளியான் வாய்க்கால் முடிவடையவில்லை. நிலாவரையில் பார்த்த நன்னீர் வில்லையை நினைவூட்டி, அணைக்கு உட்பக்க நீரையும் கடற்பக்க நீரையும் இரண்டு பக்கமும் நின்று காட்டுங்கள். ஆறு இல்லாத ஊர் ஆற்றைக் கட்டப் பார்த்த இடம் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு விளங்கும். என் மாணவர்களுக்கு இந்த அணையில் வைத்துத்தான் குடாநாட்டின் வரைபடம் முதன்முதலாக மனதில் ஏறியது.

அணைக்குப் பக்கத்திலேயே செல்வச் சந்நிதி முருகன் கோயில். மத்தியானத்தில் அங்குள்ள மடங்களில் அன்னதானம் நடக்கும். வரிசையில் இருந்து இலையில் சாப்பிட்டு, மடத்து நிழலில் மாமியார் காலை நீட்டி ஒரு மணித்தியாலம் ஆறிவிட்டு, வெயில் தணிய வல்லை வழியாக வீடு திரும்பலாம்.

மூன்றாம் நாளைக்குப் பின்னேரப் பயணம் ஒன்று: தீவகத்தில் ஏறி, வலிகாமம் மேற்கால் திரும்பும் வட்டம். இதன் நடுப்பொருள் 'பாதை'. யாழ்ப்பாணத்தில் பாதை என்றால் நடக்கும் வழி மட்டுமல்ல. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி நீரிணையைக் கடக்கும் மிதவைக்கும் அதே பெயர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் அது ஓடுகிறது. இரண்டரை மணிபோலப் பண்ணைப் பாலத்தால் புறப்பட்டு, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வங்களாவடிச் சந்தி என்று போங்கள். அல்லைப்பிட்டியில் நடந்த அகழ்வுகளில் சோங் வம்சக் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. இன்று பனையும் பற்றையுமாக இருக்கும் அந்தக் கரையில் 900, 1,000 வருடத்துக்கு முன் தூரதேசக் கப்பல்களின் சரக்கு இறங்கியிருக்கிறது. இறங்கிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை; ஓடும் வானில் சொல்லிக்கொண்டு போகலாம்.

ஊர்காவற்றுறையில் பாதைக்குக் காத்திருக்கும் நேரமே பிள்ளைகளுக்குப் பாதி மகிழ்ச்சி. மீன்பிடி வள்ளங்கள், ஐஸ் பெட்டிகள், மோட்டார் சைக்கிளில் ஆடு கொண்டுவருகிற ஒருவர் என்று எல்லாம் வந்து சேரும். கடப்பதற்குச் சில நிமிடங்கள்தான். நடுநீரில் இருந்து பார்த்தால் கடற்கோட்டை தெரியும். ஊரில் பூதத்தம்பி கோட்டை என்றும் சொல்வார்கள். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து 'ஹமன்கீல்' என்று பெயரிட்டார்கள். வரைபடத்தில் இலங்கை அவர்களுக்குப் பன்றித் தொடையைப்போலத் தெரிந்ததாம். அதன் குதிக்காலில் இந்தக் கோட்டை இருக்கிறது என்பது அந்தப் பெயரின் பொருள். நாங்கள் மாம்பழம் என்கிறோம், முத்து என்கிறோம். பசித்தவனுக்குத் தெரிந்தது வேறு. இந்தப் பாதை சில நாட்களில் பழுதாகி நிற்கும், பெரிய வாகனங்களை எல்லா நாளும் ஏற்றாது. முதல்நாள் அந்தப் பக்கத்தவர் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள். வானைவிட இரண்டு முச்சக்கரவண்டிகளில் போவது இந்த வட்டத்துக்கு வசதி. ஏறும் இடத்தில் மாமியாரைக் கைப்பிடித்து ஏற்றவேண்டும். ஆனால் முச்சக்கரவண்டிக்குள் இருந்தபடியே கடக்கலாம்.

காரைநகரில் இறங்கி, பொன்னாலைக்கு வரும் நீண்ட கடற்பாலத்தை ஐந்தரை மணிக்குப் பிடித்தால், இரண்டு பக்கமும் முழங்காலளவு நீரில் ஆட்கள் வலை வீசிக்கொண்டு நிற்பதைக் காணலாம். கம்புகளை வரிசையாக நட்டு வலை கட்டி, வற்றும் நீரோடு போகும் மீனை ஒரு மூலைக்குள் வழிநடத்தும் பொறிகளும் தெரியும். பொழுதுபடும் நேரத்துக்குத் திருவடிநிலைக் கடற்கரை. ஆடி அமாவாசைக்கு மட்டும் சனம் நிறையும் கரை; மற்ற நாட்களில் காகமும் நண்டும்தான். அங்கே சங்கு சிப்பி பொறுக்கவிட்டு, பொழுது விழுந்ததும் சங்கானை, மானிப்பாய் வழியாக வீட்டுக்கு வரலாம்.

நான்காம் நாள் எங்கும் போகவேண்டாம் என்பது என் யோசனை. ஆகஸ்ட் பனம்பழக் காலம். கொக்குவில் வளவில் பனை நின்றால் நல்லது, இல்லாவிட்டால் உறவுக்காரர் வளவில் நிற்கும். விழுந்த பழத்தைப் பொறுக்கி, சுட்டு, பிசைந்து களி எடுத்து, மாமியார் பனங்காய்ப் பணியாரம் சுடட்டும். மிஞ்சும் விதைகளைப் பிள்ளைகள் கையாலேயே பாத்தி போட்டு அடுக்கட்டும். மாரி மழை முளைக்க வைக்கும். டிசம்பர் கடைசியில் வந்தால் ஒரு பக்கத்தைக் கிண்டிக் கிழங்கு எந்த அளவில் இருக்கிறதென்று பார்க்கலாம். முற்ற வேண்டுமானால் தை வரை விட்டுவிட வேண்டும்.

டிசம்பருக்கு வருகிறேன். மாதத்தின் முற்பாதியில் மழை கடுமையாக இருக்கக்கூடும். கடைசிப் பத்து நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது வடகரை வேண்டாம், தென்மராட்சிதான். கடல்நீரேரிகள் நிரம்பியிருக்கும், நெல்வயல் பச்சையாக இருக்கும், தூர வடக்கில் இருந்து பறவைகள் வந்திருக்கும். கனகம்புளியடியில் இருந்து கப்பூது வழியாக வடமராட்சிக்குப் போகும் வீதியில் சரசாலைக் குருவிக்காடு இருக்கிறது. கண்டல் மரங்களும் ஆழமற்ற நீருமாக உள்ள அந்த இடத்தை வீதியில் இருந்தே பார்க்கலாம். காலை ஆறரைக்கு அங்கே இருந்தால் நாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, நீண்ட கால்களோடு சேற்றைக் கிளறும் உள்ளான் வகைகள் என்று எண்ணி முடியாது. இரண்டு கண்ணுக்கும் வைத்துப் பார்க்கும் தூரநோக்கி ஒன்றாவது வேண்டும். பிள்ளைகள் சண்டை பிடிக்காமல் இருக்க இரண்டு. குருவிகளை எழுப்பிப் படம் எடுப்பதற்காகக் கல்லெறியும் பெரியவர்களையும் அங்கே கண்டிருக்கிறேன். திரும்பும்போது மட்டுவிலில் முட்டிக் கத்தரிக்காய் வாங்கலாம்; பன்றித்தலைச்சி அம்மன் கோயிலைப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கோயிலின் முழு அழகு பங்குனித் திங்களில்தான், குடும்பம் குடும்பமாகப் பானையும் விறகும் கொண்டுவந்து மரத்தடியில் பொங்கும்போது.

இன்னொரு காலை நாவற்குழியில் இருந்து மன்னார் வீதியால் போங்கள். தனங்கிளப்பில் வீதியின் இரு பக்கமும் நீர். பருவம் சரிவந்தால் பூநாரைகள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தொலைவில் நிற்கும். வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் பாருங்கள். இறங்கி நெருங்கினால் எழும்பிவிடும். அதற்கப்பால் கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி. பாலம் 2011 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. பூநகரிக் கோட்டையின் சிதைந்த மதில்களையும் வயல்வெளிகளையும் பார்த்துவிட்டு 10 மணிக்கெல்லாம் திரும்பிவிடலாம். இந்தப் பக்கங்களிலும், வடமராட்சி கிழக்கில் உள்ள நாகர்கோவில், முகமாலைப் பக்கங்களிலும் வீதியையும் ஆட்கள் நடந்து தேய்ந்த வழியையும் விட்டுப் பற்றைக்குள் இறங்கவேண்டாம். கண்ணிவெடி அகற்றும் பணி நடந்த நிலங்கள் இவை, மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது.

பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தவேண்டாம். கேரதீவுப் பக்கத்துக் கரையில் நிறுத்துங்கள். பாலம் வருமுன் இந்த நீரையும் பாதையில்தான் கடந்தார்கள். உங்கள் மாமியாரின் வயதில் உள்ளவர்கள் அதில் போயிருக்கக்கூடும். அந்தக் கரையில் வைத்து அவரைக் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கட்டும்.